புள்ளி வைத்த கோல்

தன் கோலை வினோஜன் யாரையும் தொட விட்டதில்லை. யட்டவத்தையில் ஜிப்ரி நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே ஒரேயொரு பூல் மேசை கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகலில் அங்கே கூடுகிற எல்லோருக்கும் இது தெரியும். மற்றவர்கள் சுவரில் சாத்திய பொதுக் கோல்களில் கைக்கு அகப்பட்டதை எடுத்து ஆடுவார்கள். வினோஜன் மட்டும் பையைத் திறந்து, கோலின் இரண்டு துண்டையும் திருகிப் பூட்டி, பலாமரப் பிடியில் சுட்டு வைத்த கறுப்புப் புள்ளி மேலே வரும்படி திருப்பிக்கொண்டுதான் குனிவான். அவன் குனிந்தால் பந்து குழிக்குள் போகும். அவ்வளவுதான் ஆட்டம்.

அந்தப் புள்ளியைப் பற்றிப் பல கதைகள் உலாவின. கோயிலில் வைத்துப் பூசை செய்த கோல் என்றான் ஒருவன். உள்ளே ஈயம் ஊற்றியிருக்கிறது என்றான் இன்னொருவன். வினோஜன் எதையும் மறுக்கவில்லை. தோற்றவனுக்கு ஒரு காரணம் வேண்டும். அது புள்ளியாக இருந்தால் இவனுக்கு என்ன நட்டம்?

நான்கு மாதத்துக்கு முன்பு அவன் ஆடைத் தொழிற்சாலையின் இரவு வேலையை விட்டான். பல்லேபொலவில் வீட்டுக்குப் பின்னால் லேத் மெசின் ஒன்றைப் போட்டு, சொல்லிச் செய்விக்கிற பூல் கோல்களைக் கடையத் தொடங்கினான். கதிரைக் கால், மேசைக் கால் கடைந்து பழகிய கை. தண்டுக்கு, எங்கோ இடித்த துரைமார் கிளப்பின் நடனத் தரையிலிருந்து வந்த மேப்பிள் பலகை. பிடிக்கு, பழைய கட்டில்களின் கருங்காலிக் கால். பிடிக்கு நூல் சுற்றுவது மனைவி தர்ஷிகா. இதுவரை ஐந்து கோல் விற்றிருந்தான். தன் கைவேலையில் வினோஜனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. வீட்டு அரிசி வாளியில்தான் சந்தேகம். அன்று காலை பழைய சுப்பவைசர் செய்தி அனுப்பியிருந்தார்: ஆள் குறைகிறது, நாளை இரவு வருவதென்றால் சொல்.

“என்னங்க பதில் போட்டீங்க?” என்று தர்ஷிகா கேட்டாள்.

“இன்னும் இல்ல. பஸீர் முதலாளி இன்னைக்கு வர்றாரு. எட்டு ஸ்டிக்கு ஓடர்.”

“வந்தா நூல் வாங்கிட்டு வாங்க. வரலைன்னா அந்தாளுக்குப் பதில் போடுங்க.”

மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற பஸீர் முதலாளி பகல் இரண்டு மணிக்கு வந்தார். வினோஜனிடம் முதல் கோல் வாங்கியவர் அவர்தான். வாங்குவதற்கு முன்பும் அவனிடம் தோற்றார், வாங்கிய பிறகும் தோற்றார். டவுனில் நான்கு மேசை போட்டு, பூல் ஆடுகிற கூடமாக ஒரு ஹோல் திறக்கப்போகிறார்.

“எட்டு ஸ்டிக்கு வேணும் தம்பி. அடுத்த மாசம் ஹோல் தொறக்கிறன். அதுக்கு முந்தி ஒரு கேள்வி இரிக்கி.”

“கேளுங்க முதலாளி.”

“எனக்கு வித்த ஸ்டிக்குல ஏன் இந்தப் புள்ளி இல்ல?”

மேசையைச் சுற்றி நின்றவர்கள் கிட்ட வந்தார்கள்.

“நல்லதுக்குப் புள்ளி வெச்சி நீ எடுத்துக்கிட்ட. ரெண்டாந்தரத்த எனக்குத் தந்த. முப்பது வருஷமா மிளகு வாங்குறன் தம்பி. மூட்டைக்கு மேல நல்ல மணி, அடியில சொத்தை. எல்லா வேலையும் எனக்குத் தெரியும்.”

“ஆடத் தெரியாததுக்கு ஸ்டிக்கு என்னா செய்யும் ஹாஜியார்?” என்றார் ஜிப்ரி நானா.

“நீங்க சும்மா இருங்க ஜிப்ரி. ஸ்டிக்க மாத்தி ஒரு ஆட்டம். அவன்ட என் கையில, என்ட அவன் கையில. பொறகு எட்டப் பத்திப் பேசுவம்.”

வினோஜன் கோலின் புள்ளியை விரலால் தடவினான். அவனுக்கு மட்டும் தெரிந்த விசயம் ஒன்று இருந்தது. அவன் கோல் கோணல். முதன்முதலாகச் செய்த கோல் அது. இரவு வேலையில் இருந்தபோது, கதிரைக் கால் கடைகிற பட்டறையில், சரியாகக் காயாத பலாமரத்தை எடுத்து ஒன்பதே நாளில் கடைந்து முடித்தான். ஒரு மாதத்தில் தண்டு மெல்ல வளைந்துவிட்டது. வளைவுக்கு அடையாளமாகத்தான் புள்ளியைச் சுட்டு வைத்தான். புள்ளி மேலே இருந்தால் வளைவு மேலும் கீழுமாக நிற்கும், குறி தவறாது. புள்ளி பக்கவாட்டில் திரும்பினால் குறியும் பக்கத்துக்குப் போய்விடும். விற்க முடியாது என்பதால்தான் அது அவனிடம் இருந்தது. அதற்குப் பிறகு செய்த ஒவ்வொரு தண்டையும் கொஞ்சம் கடைந்து, கூரை மரத்தில் மூன்று வாரம் தொங்கவிட்டு, திரும்ப இறக்கிக் கடைந்து, திரும்பவும் தொங்கவிட்டுத்தான் முடித்தான்.

கோணல் என்று இப்போதே சொன்னால் ஓடர் கைவிட்டுப் போகலாம். சொல்லாவிட்டாலும் போகலாம். அவன் கோலை நீட்டினான். புள்ளியைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்டவர் முதலாளி, ஆடிப் பார்க்கட்டும்.

பஸீர் பந்துகளை உடைத்தார். ஒன்று விழுந்தது. “பாத்தியா!” என்றார். அடுத்தது மூலைக் குழிக்கு நேரே நின்ற பந்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும். புள்ளியை இடப்பக்கம் பார்க்கவிட்டுக் குனிந்து அடித்தார். பந்து குழியின் உதட்டில் முட்டித் திரும்பி வந்தது.

“காத்து அடிக்கிதோ ஹாஜியார்? ஃபேன நிப்பாட்டவா?” என்றார் ஜிப்ரி நானா.

வினோஜன் பஸீரின் கோல் நுனியில் சோக்குக் கட்டியைத் தடவினான். விற்ற நாளுக்குப் பிறகு இன்றுதான் அதைக் கையில் எடுக்கிறான். கருங்காலிப் பிடி உள்ளங்கையில் குளிர்ச்சியாக உட்கார்ந்தது. தண்டு விரலிடுக்கில் எண்ணெய் பூசியது போல் ஓடியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். இவ்வளவு நல்ல கோலையா நான் கொடுத்திருக்கிறேன் என்று அவனுக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினான். இடையில் ஒரே ஒருமுறை தவறவிட்டான். பஸீர் எழும்பி வந்து, இன்னொரு லேசான பந்தையும் கோட்டைவிட்டுப் போய் உட்கார்ந்தார். கடைசியில் எட்டாம் நம்பர் கறுப்புப் பந்தும் விழுந்தபோது, பஸீரின் பந்துகள் ஆறு மேசையில் மிச்சம் இருந்தன.

பஸீர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் கோலைக் கீழே வைக்கவில்லை.

“இன்டைக்கிக் கை சரியில்ல. ஆனா ஸ்டிக்கு ஸ்டிக்குதான். புடிச்சாலே விளங்குது. இத எனக்குத் தா தம்பி. எட்டோட இதையும் சேத்து ஒம்பது. இப்பவே ஓடர்.”

‘சரி’ என்று சொன்னால் முடிந்தது. ஓடரும் கிடைக்கும், கோணலும் தொலையும். ஆனால் தான் செய்த கோணல் கோல் ஒன்று மாத்தளை டவுனில் தன் பெயரோடு திரிவதை வினோஜனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நேர்மை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கர்வம்தான். கோலை வாங்கி மேசையின் பச்சைத் துணியில் படுக்கவைத்து, உள்ளங்கையால் தள்ளி உருட்டினான்.

கோல் தாவித் தாவி உருண்டது. நடுத்தண்டு எழும்பியது, விழுந்தது, திரும்ப எழும்பியது. நொண்டி மாடு நடப்பது போல இருந்தது. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஜிப்ரி நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். பஸீரின் முகம் சிவந்தது.

“கோணல் ஸ்டிக்கத் தந்து நாலு பேருக்கு முன்னால என்னக் கேவலப்படுத்தினியா?”

“கேட்டது நீங்க முதலாளி. ஒரு வருஷமா இத வச்சுத்தான் நான் உங்கள ஜெயிக்கிறேன். புள்ளி மேல இருந்தா மட்டுந்தான் நேரா அடிக்கும். நான் செஞ்ச மொத ஸ்டிக்கு, பிழையாப்போச்சு. அதான் விக்கல. இப்ப உங்களோடத உருட்டிப் பாருங்க.”

பஸீர் தன் கோலை எடுத்து உருட்டினார். சத்தமே இல்லை. துணிக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு கடதாசி போக இடம் இல்லாமல் மேசையின் மறுபக்கம் வரை வழுக்கிப் போனது. திரும்ப உருட்டினார். மூன்றாவது தடவை குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்கு வைத்து உருட்டினார்.

“அப்ப சொத்தைய நீ வெச்சிக்கிட்டு, நல்லத எனக்குத் தந்திரிக்க.”

“ஆமா.”

“பைத்தியமா உனக்கு?” கோலைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். “சரி. எட்டு. அடுத்த மாசம்.”

“மூனு மாசம் ஆகும்.”

“ஹோல் தொறக்கக் கார்ட் அடிச்சாச்சி தம்பி.”

“மூனு மாசம், முதலாளி.”

“மெசின்தானே கடையிது? இன்னும் ரெண்டு பேரப் போட்டு முடிச்சித் தாவன்.”

வினோஜன் மேசையில் கிடந்த கோணல் கோலை எடுத்து அவர் முன்னால் நிறுத்தினான்.

“அடுத்த மாசமே வேணும்னா தர்றேன். எட்டும் இதே மாதிரி இருக்கும்.”

பஸீர் கோலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

“புள்ளியோடயா?” என்று கேட்டார்.

“புள்ளி சும்மா போட்டுத் தர்றேன்.”

முதலில் சிரித்தவர் பஸீர்தான். “மூனு மாசம்” என்றார். “அதுவரைக்கும் பொது ஸ்டிக்குல ஆடட்டும் மாத்தளை. வா, இன்னொரு ஆட்டம். நீ உன்ட கோணலையே எடு. நேரானத உன் கையில தந்தா நான் ஹோல மூடிட்டுப் போகணும்.”

வினோஜன் ஃபோனை எடுத்துச் சுப்பவைசருக்கு ‘வர மாட்டேன்’ என்று எழுதி அனுப்பினான். பிறகு கோலைத் திருப்பிப் புள்ளியை மேலே கொண்டுவந்து குனிந்தான்.