வால் வெட்டின கொடுவா

வால் வெட்டுப்பட்ட கொடுவா மீன் மூன்றாவது தடவையாகச் சந்தையில் தன் பலகைக்கு வந்தபோது, சின்னத்தங்கம் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நண்டு கடித்த கடியுமில்லை, வலை அறுத்த அறுப்புமில்லை. வாலின் கீழ்மூலை கத்தரிக்கோல் பட்டதுபோல நேராக இருந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அது, சண்டைக் காலம். வாவியில் என்னென்னவோ மிதந்து போன காலம். மீன் தின்னவே சனம் யோசித்தது. வெட்டு வால் கதை சந்தைக்குள் பரவியதும் ஒருத்தி 'செய்வினை' என்றாள். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, 'யாருக்கோ அடையாளம் விடுறாங்கள்' என்றார். சின்னத்தங்கத்தின் மீன் இரண்டு நாளாக ஐஸ்பெட்டிக்குள் கிடந்து கண் வெளுத்தது.

அவளுடைய சந்தேகம் கனகசூரியத்தில் போய் நின்றது. இயக்கம் நிற்கிற வெல்லாவெளிப் பக்கத்து ஆள், பட்டினத்தில் ஒரு கந்தோரில் கிளார்க். அவள் வளவுக்குப் பின்வீட்டில் வாடகைக்கு வந்து நாலு மாதம். பின்னேரமானால் தூண்டில் தடியும் பையுமாக வாவிக்குப் போவார். பொழுதுபட வெறுங்கையோடு திரும்புவார். ஒரு நாளில்லை, இரண்டு நாளில்லை. மீன் படாத இடத்துக்கு ஒரு மனிசன் நெடுகலும் எதற்குப் போகிறான்?

சனிக்கிழமை பின்னேரம் வாவிக்கரைக் கண்ணாப் பற்றைக்குள் குந்தியிருந்து பார்த்தாள்.

முதலில் அவர் தூண்டில் கொளுக்கி நுனியில் திரும்பி நிற்கும் சின்ன முள்ளைக் குறட்டால் நசுக்கினார். அந்த முள் இல்லாவிட்டால் மீன் எப்படி நிற்கும்? பிறகு தங்கூசி நூலை இரண்டாக மடித்துக் கொளுக்கிக் கண்ணுக்குள் விட்டு, முடிச்சுப் போட்டு, அந்த வளையத்துக்குள் கொளுக்கியையே நுழைத்தெடுத்தார். இறுக்குமுன் எச்சில் தொட்டார். உதடும் அசைந்ததுபோல இருந்தது. மந்திரமோ என்று சின்னத்தங்கம் பற்றைக்குள் இன்னும் பதுங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கொடுவா பட்டது. நல்ல கொழுத்த மீன். அவர் கரைக்கு இழுத்துப் போடவில்லை. தண்ணீருக்குள் இறங்கி, கையை நனைத்து, வயிற்றைத் தாங்கிப் பிடித்துக் கொளுக்கியைக் கழற்றினார். பையிலிருந்து கத்தரிக்கோல் வந்தது. வால் மூலையை ஒரு நறுக்கு. மீன் தானாக உதைத்துக்கொண்டு போகும்வரை தண்ணீருக்குள் வைத்திருந்துவிட்டுக் கரையேறிக் கொப்பியில் எழுதினார்.

அடுத்த நாள் சந்தைக்குப் போகும் வழியில், சென்றியில் காவல் நிற்கும் ஆமிக்காரன் வழமைபோல இறால் கேட்டான். அவனுக்குத் தமிழ் ஓரளவு தெரியும். இறாலை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கந்தோர் ஐயா மீனைப் பிடிச்சு, வெட்டி வெட்டி விடுறார். கொப்பியில ஏதோ எழுதுறார்."

அவ்வளவுதான் சொன்னாள். அவனும் தலையை மட்டும் ஆட்டினான்.

மத்தியானம் கனகசூரியம் சந்தைக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, வால் வெட்டின கொடுவா உங்களிட்ட வந்ததாமே? எத்தினை?"

"மூண்டு. ஏன்?"

"எல்லாம் நான் விட்டதுகள். விட்ட மீன் பிழைக்குதோ செத்துப்போகுதோ எண்டு எனக்குத் தெரியவேணும். அதுக்குத்தான் அடையாளம்."

"மீனைப் பிடிச்சுப்போட்டு விடுறதுக்கு என்னத்துக்குத் தம்பி பிடிக்கிற?"

"அது ஒரு ஆசைக்கா. தனி மனிசன், எனக்கு எத்தினை மீன் வேணும்? ஆனா விடுறதெண்டா ஒழுங்கா விடவேணும். காய்ஞ்ச கையால பிடிச்சா மேல் வழுவழுப்புப் போயிடும், பிறகு புண் வரும். முள்ளை நசுக்கினா கொளுக்கி வாயைக் கிழிக்காம லேசாக் கழரும்."

"எச்சில் தொட்டீங்களே, அது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எங்க கண்டீங்க?"

"ஆரோ சொன்னாங்க."

"காய்ஞ்ச தங்கூசியை இறுக்கினா உரசுற சூட்டில அதின்ர பலம் போயிடும். ஈரமெண்டா முடிச்சு வழுக்கி இறுகும். வேற ஒண்டுமில்ல."

காலையில் ஆமிக்காரனிடம் சொன்னது சின்னத்தங்கத்துக்கு நினைவு வந்தது. சென்றிப் பக்கம் போகாதேங்க என்று வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

"இண்டைக்கு மழை வரும் தம்பி. தூண்டிலுக்குப் போகாதேங்க."

அவர் வானத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அன்று பொழுதுபட்டும் பின்வீட்டில் விளக்கு எரியவில்லை.

காலையில் கதை தெரிந்தது. சென்றியில் மறித்து ஆமிக் காம்புக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். கந்தோர் ஆட்கள் யாராவது போவார்கள் என்று அவள் ஒரு நாள் இருந்தாள். யாரும் போகவில்லை. போகிறவனையும் பிடித்து வைத்தால் யார் கேட்கிறது? இரண்டாம் நாள் அவளே சேலையை உதறிக் கட்டிக்கொண்டு போனாள்.

காம்பில் ஒரு மேசையில் அவருடைய சாமான்கள் பரப்பிக் கிடந்தன: தங்கூசிச் சுருள், ஈயக்குண்டு, குறடு, கொப்பி. கொப்பி முழுக்கத் திகதியும் நீளமும் இடமும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரிக்கு அது வேறு கணக்காகத் தெரிந்திருக்கும். கனகசூரியம் சுவரோரம் நின்றார். கீழ் உதடு வீங்கியிருந்தது. அவர் நல்ல மனிசன், விட்டுவிடுங்கள் என்று சின்னத்தங்கம் கேட்டாள்.

இறால் வாங்கும் ஆமிக்காரன்தான் மொழிபெயர்த்தான். "ஐயா கேக்கிறார், முதல் சொன்னதும் நீதானே? இப்ப அவர் நல்லவர் எண்டுறதும் நீ. எது பொய்?"

கனகசூரியம் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

நான் சொல்லவில்லை என்றால் இனிச் சொல்வதையும் நம்பமாட்டார்கள், அவர் உள்ளேயே கிடப்பார்.

"ஓம், நான்தான் சொன்னன். கண்டது உண்மை, விளங்கினது பிழை. அவர் மீன் பைத்தியம், ஐயா. முடிச்சுப் போடச் சொல்லிப் பாருங்க."

அதிகாரி தங்கூசியையும் ஒரு கொளுக்கியையும் எறிந்தார். கனகசூரியம் மடித்து, நுழைத்து, எச்சில் தொட்டு இறுக்கினார். அதிகாரி கொளுக்கியை மேசை விளிம்பில் மாட்டி, நூலைக் கையில் சுற்றி இழுத்தார். விரல் வெட்டுப்பட்டதே தவிர முடிச்சு அசையவில்லை. அவர் கையை உதறிக்கொண்டு ஏதோ சொன்னார். போகலாமாம். கொப்பி மட்டும் அங்கேயே இருக்கட்டுமாம்.

வெளியே சுவரில் சாத்தியிருந்த தன் சைக்கிளை அவர் எடுத்தார். பிறகு அவர் கேட்டார், "மழை வரும் எண்டு சொல்லக்குள்ளயே இது நடக்குமெண்டு தெரியுமோ?"

"ஓம், தம்பி."

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

மாதம் முடிய அவர் வீடு மாறினார். எந்தப் பக்கம் என்று சின்னத்தங்கம் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால், அதற்கும் சனம் ஒரு காரணம் கண்டுபிடிக்கும்.