சுத்தமான வயல்

அக்காவின் கொழுந்தன் மேல் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. காரணமே இல்லாமல் சிரிக்கிற ஆள். வெள்ளத்துக்கும் அத்தான் சாவுக்கும் பிறகு தரிசாகக் கிடந்த ஆற்றங்கரை வயலை அக்கா அவர் பொறுப்பில்தான் விட்டிருந்தாள். இப்போது தையல் ஆலை வேலையை ராஜினாமா செய்துவிட்டு, இந்த மழைக்கு விதைக்கப்போகிறேன் என்று நிற்கிறாள்.

மண் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். அக்கா இரண்டு பை மண் கொண்டுவந்தாள். ஒன்று எங்களுடையது. மற்றது, ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்து வயல் மண். அதே வெள்ளத்தில் கைவிட்ட நிலம்தான் அதுவும். அதில் தழைச்சத்து பாதிக்கு மேல் திரும்பியிருந்தது. எங்கள் மண்ணில் ஒன்றுமே இல்லை. சாம்பல்சத்து மட்டும் கொஞ்சம் தூக்கல். அதை நான் கண்டுகொள்ளவில்லை.

"அக்கா, உன் கொழுந்தன் மேல்மண்ண வழிச்சு வித்துத் தின்னுட்டாரு."

"வாய்க்கு வந்தத பேசாதடி."

"பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? வா, நேர்ல பாப்போம்."

வயலில் கால் வைத்ததும் என் சந்தேகம் உறுதியானது. பக்கத்தில் ஆளுயரப் புதர். எங்களுடையது மொட்டை, ஒரு களைகூட இல்லை.

"வாங்க லேப் அம்மா," என்று கொழுந்தன் சிரித்தார்.

"சிரிப்பெல்லாம் இருக்கட்டும். மண்ண யாருக்கு வித்தீங்க?"

அவர் முகம் செத்துவிட்டது. "அண்ணி, நானா வித்தேன்?"

அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி நானே வெட்டினேன். வெள்ளம் போட்ட வண்டல் குலையாமல் அப்படியே இருந்தது. யாரும் வழிக்கவில்லை. மேலாக மட்டும் கறுப்புக் கரித்துண்டுகள். அப்போதுதான் அந்தச் சாம்பல்சத்து நினைவுக்கு வந்தது. அடப்பாவி மனுஷா!

"கொளுத்துனீங்களா?"

"வருசா வருசம். புல்லு தலையெடுத்தா வெட்டி, காயவச்சுக் கொளுத்திடுவேன். அண்ணன் வயலு காடாக் கெடக்கலாமா? அண்ணி வர்றப்போ நெலம் நெலமா இருக்க வேணாமா?"

புல்லும் இலையும் மட்கித்தான் தழைச்சத்து திரும்பும். அவ்வளவையும் இவர் புகையாக அனுப்பியிருக்கிறார். நாதியற்றுக் கிடந்த பக்கத்து வயல் தானாகத் தேறிவிட்டது. திருடன் என்று சொன்ன அதே வாயால் இதையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

"உரம் போட்டா?" என்றாள் அக்கா.

"உரத்தப் பிடிச்சு வைக்க மண்ணுல மக்குன இலதழை இல்லக்கா. மொத மழையிலயே பாதி ஆத்துக்குப் போயிடும். ரெண்டு மூணு வருசம் புல்லு மொளைச்சு மக்க விட்டுத்தான் ஆகணும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார் அவர்.

"ஒண்ணும் செய்யாதீங்க."

அந்த மனுஷன் வரப்பில் உட்கார்ந்து அழுதார். அக்கா அழவில்லை. அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"தீப்பெட்டியக் குடுங்க தம்பி."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆலைல மறுபடி சேத்துக்குவாங்களாடி?"