ரெஃப்ரிக்கு எந்த ஊர்?

நான் கர்நாடகத்திலிருந்து கர்நாடகத்துக்கே பிழைக்க வந்தவன். கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். ஆனாலும் இங்கே நான் குடியிருக்கும் மர்பி டவுனில் இருபத்து மூன்று வருடமாக எனக்குப் பெயர் 'கேஜிஎஃப்'. மதியழகன் என்கிற பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. வேலூர்ப் பக்கம் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால், 'கன்னடக்காரரு வந்துட்டாருப்பா' என்று இடம் ஒதுக்குகிறார்கள். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

சுரங்கத்தை மூடிய மறுவருடம் வந்தேன். வாரத்தில் ஆறு நாள் மெட்ரோவில் மெஜஸ்டிக், அங்கே ரயில் மாறிப் பீன்யா. கம்பெனியில் இரும்புத் தண்டுகளை அளந்து பார்ப்பது என் வேலை. முடியளவு கூடினாலும் ஒதுக்கிவிடுவேன். யார் வந்து கெஞ்சினாலும் ஒதுக்கியது ஒதுக்கியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ரெஃப்ரி. கொடுக்கிற காசு ஒரு பிரியாணிக்குக் காணாது. இருந்தாலும், இருபத்திரண்டு பேர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவன் விசில் ஊதினால் அத்தனை பேரும் நிற்கிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கும். வீட்டில் நான் சொல்லி எதுவும் நின்றதில்லை.

"ஒரு நாளாச்சும் வூட்ல குந்துறியா நீ? அந்தக் கறுப்பு டவுசர தோச்சித் தோச்சி மெஷினே தேஞ்சிபோச்சி" என்பாள் என் மனைவி யாமினி. நான் கேன்வாஸ் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருப்பேன்.

இந்த வருடப் போட்டியில் அரையிறுதிக்குத் தங்கவயல் டீம் வந்துவிட்டது. எதிர்த்து மர்பி டவுன் டீம். எங்கள் ஊர் ஆட்டம் என்றால் நான் ஊதுவதில்லை, இன்னொரு ரெஃப்ரி டிரேவர்தான் ஊதுவார். அவருக்கு டெங்கு. கமிட்டிச் செயலாளர் வெங்கடசாமி என்னைக் கூப்பிட்டார்.

"உங்க ஊரு மேட்ச்சு. கரெக்டா ஊதுவியா?"

"இத்தினி வருசத்துல எப்பனா தப்பா ஊதியிருக்கனா?" எனக்குச் சுர்ரென்று வந்தது.

"கோச்சுக்காத குரு. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, அதான்." பெங்களூரில் எல்லாரும் எல்லாருக்கும் 'குரு'தான்.

அந்த நாலு பேருக்குத்தான் நானும் பயந்தேன். 'ஊர்க்காரனுக்கு ஊதிட்டான்' என்று ஒருவன் வாயைத் திறந்தால் போதும். அப்புறம் என்னை எந்த ஆட்டத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

தங்கவயல் டீமுக்குக் கோச் சாலமன். ஒரே லைன் வீட்டில் வளர்ந்தோம், ஒரே டீமில் இரண்டு பேரும் பேக் ஆடினோம். அன்றைக்கு அவனிடம் நான் கிட்டேகூடப் போகவில்லை. தூரத்திலிருந்தே தலையை ஆட்டினேன். அவனும் ஆட்டினான்.

முதல் பாதியிலேயே மர்பி டவுன் ஒரு கோல் அடித்தது. அதற்குப் பிறகு தங்கவயல் பையன்கள் முட்டி முட்டிப் பார்த்தார்கள், நுழையவில்லை. கடைசி இரண்டு நிமிடம் இருக்கையில் கார்னர் கிடைத்தது. பந்து வந்தது. சுனில் என்கிறவன் எல்லார் தலைக்கும் மேலே எழும்பி முட்டினான், பந்து வலையில். அப்படி ஒரு கோலை நான் பார்த்து எத்தனையோ வருடமாகிறது. பக்கத்திலிருந்த மர்பி டவுன் ஆட்டக்காரன் நாகேஷ் முதுகைப் பிடித்துக்கொண்டு கீழே கிடந்தான்.

சுனில் அவனைத் தொடவில்லை. நான் பத்தடியில் நின்றேன், நன்றாகவே பார்த்தேன். ஆனால் விசிலுக்குள் மூச்சு போய்விட்டது. கையும் தானாக நீண்டு ஃபவுல் காட்டியது. கோல் இல்லை.

தங்கவயல் பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணா, நான் டச்சே பண்லண்ணா" என்று சுனில் இரண்டு கையையும் விரித்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து சாலமன் கத்தினான்: "ரெஃப்ரி ஊதிட்டாரு இல்ல? போய் ஆடுங்கடா!"

பையன்கள் கலைந்தார்கள். ஆட்டம் அப்படியே முடிந்தது.

வெங்கடசாமி ஓடிவந்து தோளில் கை போட்டார். "சக்கத்தா ஊதுனே குரு! சொந்த ஊருன்னுகூடப் பாக்கல. நம்ம ஏரியா ஆளுன்னா இப்படித்தான் இருக்கணும்!" நாலைந்து பேர் கைகொடுத்தார்கள். ஒருவர் டீ வாங்கித் தந்தார். கப்பை அப்படியே வைத்துவிட்டுத் தங்கவயல் டீமின் வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

சாலமன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். பையன்கள் உள்ளே ஏறியிருந்தார்கள்.

"அது கோல்தான்டா" என்றேன்.

"தெரியும். நானு போஸ்ட்டு பின்னாடிதான நின்னுனு இருந்தேன்."

"தெரிஞ்சுமா பசங்கள அடக்குன?"

அவன் ஒரு மூட்டையை உள்ளே தள்ளினான்.

"நான் போய் கமிட்டில சொல்லிட்றேன். என் தப்புன்னு எழுதிக்கூட கொடுத்துட்றேன்" என்றேன்.

"சும்மா கெட" என்றான் சாலமன். "நாங்க வண்டி ஏறிப் போய்டுவோம். நீ இவங்க மூஞ்சிலதான முழிக்கணும்."

கதவைச் சாத்திவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டான். நான் அவனைத் தடுக்கவில்லை. கமிட்டிக்கும் போகவில்லை. அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது, அதுதான் கேவலம்.