தரை தாங்காத வீடு

"சோபாவை இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் தள்ளு, ராசா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்த நாகேஸ்வரியின் இடதுகால், கம்பளத்தோடு சேர்ந்து தரைக்குள் இறங்கியது. முழங்கால் வரைக்கும்.

தம்பி ஆனந்தராஜா ஓடிவந்து தூக்கிவிட்டான். அவளுக்கு வலி தெரியவில்லை. நேற்றுக் காலை குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு கணவர் கதிர்காமநாதன் சரிந்ததிலிருந்தே அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள். ஒரு காய்ச்சலுக்குக்கூடப் படுக்காத மனுசன்.

பின்னேரம் அவரின் உடல் பெட்டியில் வீட்டுக்கு வரும். மெல்பேர்னில் இருக்கிற நம் சனம் அத்தனையும் வரும். அதற்காகத்தான் முன்னறையை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு பிராங்க் வந்தார். தச்சுவேலைக்காரர். கம்பளத்தைச் சுருட்டிவிட்டுப் பலகையை விரலால் அழுத்தினார். ரஸ்க் மாதிரி நொறுங்கியது. உள்ளே கறையான் நெளிந்தது.

பிறகு அவர்களை வெளியே கூட்டிப்போய்ச் சுவரோரத்துக் கத்தரிப் பாத்தியைக் காட்டினார். மரவீட்டில் மண் பலகையைத் தொடக்கூடாது, தரைக்குக் கீழே காற்றோட்டத் துவாரங்கள் திறந்திருக்க வேண்டும், கவுன்சில் சட்டமே அதுதான் என்றார். இங்கே துவாரங்கள் எல்லாம் மண்ணுக்குள் கிடந்தன. யார் செய்தது என்று கேட்டார்.

செய்தவர் கதிர்காமநாதன்தான். எஞ்சினியர். கொழும்பில் கல்லிலும் சீமெந்திலும் பாலம் கட்டியவர். எழுபத்து மூன்றாம் ஆண்டு வீடு வாங்கியபோது கவுன்சில் ஆள் சொன்னதை அவரும் கேட்டவர்தான். ஆனால் முதல் குளிருக்கே, பலகை நீக்கலுக்குள்ளால் காற்று ஏறுகுது, இந்த வீட்டில் இருக்கேலாது என்று நாகேஸ்வரி அழுது தீர்த்தாள். அந்தச் சனிக்கிழமையே ஒரு லொறி மண் வந்து இறங்கியது. மண்ணை அணைத்தால் வீட்டுக்குப் பலம் என்று சிரித்தபடி அவர் துவாரங்களை எல்லாம் மூடினார். அவள் பக்கத்தில் நின்று தேத்தண்ணி கொடுத்தாள். எனக்காகத்தானே செய்தார், எனக்காகத்தானே என்று இப்போது அவள் மனம் அரற்றியது.

"பத்துப் பேர் நிண்டாலே இறங்கிப்போகுமாம் அக்கா" என்றான் ஆனந்தராஜா. "பெட்டியை நேர மயானத்துக்கே கொண்டுபோகச் சொல்லுவம். சனம் அங்க வந்து பாக்கட்டும்."

"ஏன், அவருக்கு வீடு இல்லையே?"

"வீடு இருக்கு. தரை இல்லையே அக்கா."

"அவர் ஒருக்கா வீட்டை வந்திட்டுத்தான் போகவேணும்."

"வெளியில மழை தூறுது. எங்க வைக்கிறது?"

அவள் சுற்றிப் பார்த்தாள். "கராஜில வை. அங்க சீமெந்து. அவரே குழைச்சுப் போட்டது. தாங்கும்."

கராஜுக்குள் அவருடைய கார் நின்றது. ஆனந்தராஜா கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போய் ஏறினான். கதிர்காமநாதன் ஆறடி மனுசன். சீற் அவர் விட்டபடியே நன்றாகப் பின்னால் தள்ளியிருந்தது. ஆனந்தராஜாவின் கால் கிளச்சுக்கு எட்டவில்லை. சீற்றை முன்னால் இழுக்கக் குனிந்து அடியில் கையை விட்டான்.

"அதைத் தொடாதை, ராசா."

அவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். பிறகு சீற்றின் நுனிக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்து, பெருவிரலால் கிளச்சை எட்டி மிதித்து, காரை மெல்ல மெல்லப் பின்னால் எடுத்தான்.