நடு ஸ்பீக்கர்

கரகண்டா நகரத்தில், வீடுகளுக்குச் சூடு அனுப்பும் கொதிகலன் கூடத்தில் நிலக்கரி அள்ளிப் போடுகிறவன் மெய்ராம். அவன் காதைப் போல ஒரு காது அந்த வட்டாரத்தில் யாருக்கும் கிடையாது. இது அவனே கிளப்பிவிட்ட பேச்சு. வீட்டில் சினிமா பார்க்க நல்ல ஸ்பீக்கர் வேண்டுமென்று குளிர்காலம் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினான். கைக்கு எட்டிய விலையில் இருந்ததெல்லாம் தகரத்தில் மழை பெய்த மாதிரி கத்தியது. காதுக்குப் பிடித்ததன் விலையைக் கேட்டால் கும்பிடு போட்டுத் திரும்ப வேண்டியிருந்தது.

"கொதிகலன் பக்கத்துல நின்னு வெந்த காதுக்கு இதுவே ஜாஸ்திடா" என்று கூட வேலை பார்க்கும் தலாப் கிண்டலடித்தான்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டடத்து வாசலில் ஒட்டியிருந்த சீட்டு கண்ணில் பட்டது. பழைய சோவியத் ஸ்பீக்கர், ஒரு ஜோடி. தன் சின்ன ஆம்ப்ளிஃபயரை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறினான்.

கதவைத் திறந்தவள் ஷோல்பான் அபா; வயதில் மூத்தவளை அங்கே அபா என்பார்கள். புருஷன் செத்து ஒரு வருஷமாகி, நினைவு விருந்தும் முடித்துவிட்டிருந்தாள்.

"இடத்தை அடைக்குது தம்பி. அவர் உசிரா வெச்சிருந்தது. நல்ல காது உள்ளவன் கையில போனா சரி" என்றாள். கேட்ட விலையும் நியாயமான விலைதான்.

பெட்டிகளைத் தட்டிப் பார்த்ததுமே மெய்ராமுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஜாதிப் பெட்டி இனி கிடைக்காது. அந்த நியாய விலையைக் கொடுக்க அவனால் முடியும். இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. பின்பக்கம் குனிந்தவன், ஒரு பெட்டியில் மட்டும் சிவப்புக் கம்பியைக் கறுப்பிலும் கறுப்பைச் சிவப்பிலும் மாற்றிச் சொருகினான். அப்படிச் செய்தால் ஒரு பெட்டி தள்ளுகிற காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும். அடிச்சத்தம் செத்துப்போகும்.

அபா தன் புருஷனுக்குப் பிடித்த தோம்ப்ரா வாசிப்பை, அந்த ஊர் இரட்டைத் தந்தி வாத்தியத்தை, போடச் சொன்னாள். தந்தி ஒலி எங்கோ பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல ஓட்டையாக வந்தது.

"கேட்டீங்களா அபா? உள்ள எல்லாம் போயிடுச்சு. மரத்துக்காக வேணா எடுத்துக்கறேன்."

அவள் ஒரு பெட்டியின் தலையை உள்ளங்கையால் துடைத்தாள். பிறகு அவன் கொடுத்த சொற்பத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் மனைவி குல்யாஷ் கேட்டபோது, செத்துக் கிடந்ததை வாங்கி உயிர் கொடுத்தேன் என்றான். குல்யாஷுக்கு வாய் சும்மா இருக்குமா? ரொட்டிக் கடை வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்த வரிசையில் ஷோல்பான் அபாவும் நின்றிருந்தாள். "அட, அது எங்க வீட்டுதும்மா!" என்றாளாம். குல்யாஷ் அவளையும் சனிக்கிழமை தேநீருக்கு அழைத்துவிட்டாள்.

சனிக்கிழமை தலாப் தன் மனைவியோடு வந்தான். புதுப் பொருள் வாங்கிய வீட்டுக்குப் பைகஸி, அதாவது வாழ்த்துப் பரிசு, இல்லாமல் போகக் கூடாது. அவர்கள் ஆளுக்கொரு மிட்டாய்ப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். கடைசியாக வந்த ஷோல்பான் அபாவின் கையில் ஒரு பெரிய துணி மூட்டை.

மெய்ராம் அவள் முகத்தைப் பார்க்காமல் பாட்டைப் போடப் போனான்.

தோம்ப்ரா ஒலித்தது. இந்த முறை நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. அபா கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே மூன்றாவதாக ஒரு பெட்டி.

"டிவியில பேச்சு தெளிவாக் கேக்கணும்னு அவரே செஞ்சது. நடுவுல வெக்கணுமாம். இதையும் மரம்னு நெனச்சு மூலையில போட்டிருந்தேன். உசிர் குடுக்கத் தெரிஞ்ச கை உனக்கு. இது என் பைகஸி."

"வெந்த காதுக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்றான் தலாப்.

"ஆமா, அந்த ரெண்டு பெட்டிக்கும் என்னதான் நோவு இருந்துச்சு தம்பி?" என்று கேட்டாள் அபா.

சுருள் அறுந்திருந்தது என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள். எழுந்து ஒரு பெட்டிக்குப் பின்னால் போய் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றினான். தோம்ப்ரா ஓட்டையாகிப் பக்கத்து வீட்டுக்குப் போனது. திரும்ப மாற்றினான். நெஞ்சுக்குள் வந்தது.

"இதான் அபா நோவு. நான்தான் பண்ணினேன்."

தலாப் தன் தேநீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். குல்யாஷின் கழுத்து சிவந்துபோயிருந்தது.

"அப்போ அன்னிக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சா?"

"ஆமா அபா."

"போறப்ப சத்தத்தையும் கையோட கொண்டுபோயிட்டார்னு நெனச்சேன். கிழவனோட அன்னிக்கு எப்படிச் சண்டை போட்டேன் தெரியுமா! செத்தவர்கிட்ட..."

"மூணையும் நானே தூக்கிட்டு வந்து உங்க வீட்ல வெச்சிடறேன் அபா."

"வித்தது வித்ததுதான். பைகஸி குடுத்ததைத் திருப்பி வாங்குற வழக்கம் எங்க வீட்ல இல்ல."

சால்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். தேநீரைத் தொடவில்லை. வைத்த ரொட்டியைத் தொடாமல் போவது ரொட்டிக்கு அவமதிப்பு என்ற வழக்கத்துக்காக மட்டும் ஒரு துணுக்குக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

நடுப் பெட்டி டிவிக்குக் கீழேதான் இருக்கிறது. அதன் சத்தத்தை அவன் எப்போதும் குறைத்தே வைப்பான். படத்தில் யாராவது வாயசைத்தால் குல்யாஷ் திரும்புவாள்.

"பேச்சே கேக்கலையே. நடுவுல இருக்கறதைக் கொஞ்சம் ஏத்தேன்."

ஏற்றுவான். அந்தப் பெட்டியின் குரல் அவ்வளவு தெளிவாக இருக்கும். திரும்பி வந்து உட்காருவதற்குள் அவன் காது இரண்டும் சுட ஆரம்பித்துவிடும்.