ரோட்டுக் கதை

வேனில் ஏறி உட்கார்ந்ததும் ஆபிதா முதலில் தேடியது அந்த டேப் ரெக்கார்டரைத்தான். ஷார்ஜா ரோலாவில் அவர்கள் தங்கியிருந்த கட்டடத்து வாசலில் ஏற்றாமல், இரண்டு தெரு தள்ளி, இன்னும் திறக்காத ஒரு தையற்கடை ஓரமாக அவளை நிற்கச் சொல்லியிருந்தான் செய்கு முகம்மது. கம்பெனி வேனில் வெளியாளை ஏற்றக் கூடாது. கட்டிய மனைவியும் கம்பெனிக்கு வெளியாள்தான். பின்பக்கம் கூரை முட்ட பிஸ்கட்டும் சிப்ஸும் அடுக்கியிருந்தன. முன்சீட்டில் எப்போதும் குந்தியிருக்கும் பெட்டி ஒன்றைப் பின்னால் தள்ளி, சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டு, "ஏறு புள்ள, யாராச்சும் பாத்துடப் போறாங்க" என்றான். சொந்தப் புருஷனோடேயே ஓடிப்போகிறவளைப் போல அவள் புர்காவை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நினைக்கச் சிரிப்பாக வந்தது.

ரெக்கார்டர் சீட்டுக்கு முன்னால், டேஷ்போர்டில் இருந்த சின்ன அறையில், ஒரு பழைய கட்டம்போட்ட துணியில் சுற்றிக் கிடந்தது. பக்கத்தில் கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காத புது கேசட் ஒன்று. நாளை மறுநாள் சனிக்கிழமை அவள் ஊருக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு பேசி அனுப்ப இப்போதே வாங்கி வைத்துவிட்டான். மகராசன் எதில் பிந்தினாலும் இதில் பிந்தமாட்டான் என்று நினைத்துக்கொண்டு அறையை மூடினாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம். அதில் சேர்ந்து இருந்தது மூன்று லீவு, மொத்தமாக ஆறு மாதம் தேறாது. மீதிக் காலமெல்லாம் புருஷன் என்பது அவளுக்கு ஒரு குரல்தான். ஊருக்கு வருகிற யார் பெட்டியிலாவது இரண்டு மாதத்துக்கு ஒரு கேசட் வந்து சேரும். அசர் தொழுகை முடிந்ததும் மாமியார், நாத்தனார் ஸஹ்ரா, அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று கூடம் நிறைந்துவிடும். பொத்தானை அழுத்தும் உரிமை, அண்ணனைக் 'காக்கா' என்று கூப்பிடுகிற ஸஹ்ராவுடையது. முதல் பக்கம் பூராவும் சலாம். உம்மாவுக்கு, மாமாமார்களுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு, காலில் அடிபட்டுக் கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு. நடுவில் எங்கோ ஒரு மூலையில், "ஆபிதாவுக்கும் சலாம்." அவ்வளவு பேர் நடுவில் ஒரு மனிதன் வேறு என்னதான் சொல்லிவிட முடியும்? மகள் ஹிஃப்ஸாவுக்கு விவரம் தெரிந்தபோது டேப் ரெக்கார்டரைத்தான் வாப்பா என்று கூப்பிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், ஆபிதாவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இரண்டாம் பக்கம் ரோட்டுக் கதை. வியாழன்தோறும் அவன் ஷார்ஜாவிலிருந்து திப்பாவுக்குச் சரக்குப் போடப் போவான். வழியில் மலை வந்துவிட்டால் ரேடியோ கரகரத்துப் படுத்துவிடும். ரெக்கார்டரை முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் பேச ஆரம்பிப்பான். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் கேட்கத் தொடங்கியதுமே, "இனிமே ரோட்டுக் கதைதான்" என்று மாமி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். ஒவ்வொருவராகக் கூடம் காலியாகும். ஆபிதா மட்டும் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, பொறுக்கிய கல்லையே திரும்பப் பொறுக்கியபடி கடைசிவரை உட்கார்ந்திருப்பாள். திப்பாவுக்கு முன்னால் ஒரு சின்ன ஊரில் ரோட்டோரமாகப் பதினோரு வாதாம் மரம் நிற்கிறது என்று அவளுக்கு அப்படித்தான் தெரியும். அந்த நாட்டில் வெயில் காலம், வெயில் குறைந்த காலம் தவிர வேறு காலம் கிடையாது. ஆனாலும் ஜனவரி கடைசியில் அந்தப் பதினோரு மரமும் இலைஇலையாகச் சிவந்து, ஒரு வாரம் நெருப்பாக நின்று, பிறகு உதிர்ந்துவிடும். "இன்னிக்குப் பாதிதான் செவந்து இக்கிது" என்பான். அடுத்த கேசட்டில், "பூரா கொட்டிப்போச்சு" என்பான். அந்த இரண்டுக்கும் நடுவே விட்டுப்போன நாட்களை அவள் அரிசி பொறுக்கிக்கொண்டே தானே சிவக்க வைப்பாள்.

"வாதாம் மரம் ஊருலதானே பள்ளிவாசல் பின்னாடி நிக்கிது. அதப் பாக்கவா பிளேன் ஏறிப் போறே?" என்று மாமி கிண்டல் செய்தார். மரம் பார்க்கப் போகவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பேச்சு தனக்காகப் பேசியதா இல்லையா, இது ஒன்றுதான் ஆபிதாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கூட்டாளி சதக்கத்துல்லா குடும்பத்தோடு லீவில் போக, அவருடைய ரூம் காலியானது. ஹிஃப்ஸாவை மாமியிடம் விட்டு, விசிட் விசாவில் வந்து இறங்கினாள். இருபத்தெட்டு நாள் ஆயிற்று. கேசட்டில் அப்படிப் பேசுகிறவன் நேரில் வாயில் கொழுக்கட்டையோடு இருந்தான். "சாப்பிட்டியா?" "ஏசி கூட்டவா?" "கதவத் தாப்பாப் போட்டுக்க." இதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கறியில் உப்புக் கூடினாலும் நல்லா இக்கிது என்றுதான் சொன்னான். அடுத்தவர் கட்டிலில், அடுத்தவர் பிள்ளைகளின் படத்துக்குக் கீழே, இருவரும் விருந்தாளிகளைப் போலப் படுத்து எழுந்தார்கள். மூன்று தடவை கேட்ட பிறகுதான் மரத்தைக் காட்டக் கூட்டிப்போகச் சம்மதித்தான்.

தைத் என்கிற ஊரைத் தாண்டியதும் அவளுக்குப் பாதை பிடிபட்டுவிட்டது. கண்ணால் பார்ப்பது முதல் தடவை, ஆனால் எல்லாமே காதில் கேட்டு முடித்த இடங்கள். அவன் இரண்டு குரோசரிகளில் சரக்கு இறக்கிப்போட்டுவிட்டு வரும்வரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவள், வண்டி நகர்ந்ததும் நிமிர்ந்து, "இப்ப ஒட்டகப் படம் போட்ட போர்டு வரும். அதத் தாண்டி ஒடஞ்ச தண்ணித்தொட்டி" என்றாள். போர்டு வந்தது. தொட்டியும் வந்தது.

செய்கு அவளைத் திரும்பிப் பார்த்தான். "ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"நீங்க சொன்னதுதான். டேப்புல."

அவன் முகம் சிவந்தது. கியரை மாற்ற வேண்டாத இடத்தில் மாற்றினான். "அதையெல்லாமா கேட்டே? டேப்பு காலியாக் கெடந்தா, காசு போட்டு வாங்குனத வீணாக்கிட்டான்னு உம்மா ஏசும். அதான் எதையாச்சும் பேசி நெறைக்கிறது."

ஆபிதா வெளியே பார்த்தாள். ஏழு வருஷம் தனக்கென்று வைத்திருந்த ஒன்றை இவ்வளவு சுலபமாக ஒரு மனிதன் தட்டிவிட முடியுமா? அழுகை வந்தது. அழுதால் ஏன் என்று கேட்பான், கேட்டால் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து அடக்கிக்கொண்டாள். சாலையோரச் சந்தையில் கம்பளங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆரஞ்சுப் பழங்கள் குவிந்து கிடந்தன. வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். மஸாபியில் இடதுபக்கம் திரும்பியதும் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. புல் பூண்டு இல்லாத, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்து மலைகள். ரேடியோ கரகரத்தது. அவன் அதை அணைத்தான். கை தன்னால் முன்னறைப் பக்கம் போயிற்று. அவள் முழங்கால் இருப்பதைப் பார்த்துப் பின்வாங்கியது.

அதை அவள் பார்த்துவிட்டாள்.

அறையைத் திறந்து துணியைப் பிரித்தாள். புது கேசட்டின் கண்ணாடித்தாளைப் பல்லால் கடித்துக் கிழித்து உள்ளே போட்டாள். வீட்டில் ஸஹ்ரா ஒருநாளும் தொட விடாத சிவப்புப் பொத்தானையும் அடுத்ததையும் சேர்த்து அழுத்தி, ரெக்கார்டரை அவனுக்கு முன்னால் வைத்தாள்.

"என்னா செய்யிறே?"

"டேப்பு காலியா இக்கிது. நெறைங்க."

அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. நாலு ஆடுகள் ரோட்டைக் கடந்தன. பிறகு அவன் தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் அவளுக்கு நன்றாகத் தெரியும். கூடத்தில் அரிசியோடு உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்! முகத்தை ஜன்னல் பக்கம் முழுசாகத் திருப்பிக்கொண்டாள். அவன் பார்வையில் தான் பட்டால் அது நின்றுவிடும் என்று தோன்றியது.

"அஸ்ஸலாமு அலைக்கும். இன்னிக்கு வியாழக்கெழம. மஸாபி தாண்டியாச்சு" என்று தொடங்கினான். டேப்பில் வருகிற அதே குரல். பொத்தான் அழுந்திய சத்தத்தில் உள்ளே வேறொருவன் எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டான். "ஆபிதா, ஒனக்குத்தான் சொல்றேன். ஒரு தடவ ஊருலேர்ந்து வந்த டேப்புல ஸஹ்ரா கேலி பண்ணுனா. 'காக்கா, நீங்க ரோட்டப் பத்திப் பேசுனா எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுறோம், ஆபிதா மச்சி மட்டும்தான் முடியிற வரைக்கும் உக்காந்து இக்கிறா'ன்னு. அன்னைலேர்ந்துதான் நா ரோட்ட நீட்டுனேன். இது ஒன்றர மணி நேர ரோடு. நாலு வருசமாச் சொல்லிக்கிட்டு இக்கிறேன்."

ஆபிதா பழைய கேசட்டுகளை நினைத்துப் பார்த்தாள். உண்மைதான். முதலில் பத்து நிமிஷம்தான் இருந்தது ரோட்டுக் கதை. பிறகுதான் ஒரு பக்கம் முழுக்க வர ஆரம்பித்தது. இது ஏன் தனக்கு உறைக்கவில்லை?

"பக்கத்து சீட்டுல பிஸ்கட் பெட்டி இருக்கும். அதுகிட்டத்தான் பேசுவேன். அப்புடியே பழகிப்போச்சு. நீ நெசமா வந்து முன்னால உக்காந்தா எனக்கு வாயி கட்டிப்போவுது. ஒரு மாசமாப் படுத்துக்கிட்டு யோசிக்கிறேன், என்னா பேசுறதுன்னு. மரம் செவக்கும்போதெல்லாம் ஒனக்குக் காட்டணும்னு வரும். காட்ட முடியல, அதான் சொன்னேன். சனிக்கெழம நீ போயிடுவே. போவாதேன்னு சொல்ல எனக்கு வாயும் இல்ல, விசாவும் இல்ல..."

அவன் பேசிக்கொண்டே போனான். முன்னால் இருந்த ரோட்டை மட்டும் பார்த்து, பக்கத்தில் இருப்பவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசினான். அவள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சத்தம் வராமல் அழுதாள். டேப்பில் விழுந்துவிடக் கூடாதே. மலை விலகி, ஈரக்காற்று வந்து, பேரீச்சந்தோப்பு ஒன்று போய், ரோடு வலப்பக்கம் ஒடிந்தபோது மரங்கள் வந்தன. டக்கென்று கேசட் நின்றது. அவனும் பாதிச் சொல்லில் நின்றான். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான்.

ஆபிதா எண்ணினாள். பதினொன்று. ஒரு மரம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு மூன்று மரங்கள் கொட்டிக் குச்சியாகிவிட்டன. மற்றவை உச்சியிலிருந்து அடிவரை சிவந்து நின்றன. பெரிய பெரிய இலைகள், காற்றடிக்கக் காத்திராமல் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் தொப்பென்று விழுந்தன. இறங்கிப் பார்க்கலாமா என்று அவன் கேட்கவில்லை. டேப் நின்றதும் பழைய ஆளாகிவிட்டான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தண்ணி குடிக்கிறியா?" என்றான்.

அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு கேசட்டை வெளியே எடுத்தாள். சூடாக இருந்தது. இதைக் கூடத்தில் போட முடியாது. ரோலாவில் கடையில் கொடுத்து இன்னொரு கேசட்டில் நகல் எடுக்கவும் முடியாது, கடைக்காரன் காதில் விழும். முந்தானைக்குள் மறைத்து ஊருக்குக் கொண்டுபோய், வீட்டில் ஆளில்லாத ஒரு நேரத்துக்காகக் காத்திருக்கலாம். கேட்கத்தானே இவ்வளவு தூரம் வந்தது?

ஆனால் ஏழு வருஷத்தில் அவளும் ஒன்றும் பேசியதில்லை. ஊரிலிருந்து போகும் கேசட்டில், எல்லோரும் பேசி முடித்த பிறகு ஸஹ்ரா அவள் பக்கம் நீட்டுவாள். "நா நல்லா இக்கிறேன். ஒடம்பப் பாத்துக்கங்க." கூடமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டா இந்த மனிதன் இத்தனை வியாழக்கிழமை இந்த மலைக்குள் வண்டி ஓட்டினான்? மறுபக்கத்தில் அவள் பேசினால், கேசட் இங்கே அவனிடம்தான் தங்க வேண்டும்.

சிவந்த இலை ஒன்று வந்து முன்கண்ணாடியில் விழுந்து, வைப்பரில் சிக்கி நின்றது. ஆபிதா கேசட்டைத் திருப்பிப் போட்டாள். சிவப்புப் பொத்தானை அழுத்தி, ரெக்கார்டரை மடியில் வைத்துக் குனிந்தாள். செய்கு சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். சின்னக் கண்ணாடிக்குள் நாடா சுற்ற ஆரம்பித்தது. அவள் தொண்டையைச் செருமினாள். வெளியே இன்னோர் இலை விழுந்த சத்தம் அதில் பதிந்தது.