பெயிலாகாத மொடல்

எங்கள் சொந்தத்தில் யார் கார் வாங்கினாலும் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள். நான் மெக்கானிக் இல்லை, வாடகைக்குக் கார் ஓட்டுகிறவன். அதனால் வருடாவருடம் காரைச் சேஃப்ரி என்கிற பாதுகாப்புச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஏழு வருடமும் முதல் தடவையிலேயே பாஸ். நானே என் வாழ்நாளில் எந்தச் சோதனையிலும் அப்படிப் பாசானதில்லை. ஆகவே கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு என்று பாராமல், "உந்த மொடல் பெயிலாகாது" என்று பிரசங்கம் செய்துவந்தேன்.

என் மனைவியின் தங்கை பிரதீபா அதைக் கேட்டு அதே மொடலில் பழைய கார் ஒன்று வாங்கினாள். சொந்தப் பாவனைக் கார்களுக்கு இங்கே வருடாந்தச் சோதனை கிடையாது. மூன்று வருடமாக அதன் அடியை யாரும் பார்க்கவில்லை. அதில்தான் தினமும் மல்வேர்னிலிருந்து 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறாள்.

டோர்செட் பார்க் கராஜில் இம்முறை என் காரை வழக்கமாகச் சோதிக்கும் மெக்கானிக் ஜூலியஸ் இல்லை. முழங்கால் ஒப்பரேசன். அவனுடைய மகள் ஸ்டெபனியும் மெக்கானிக்தான். என் காரை உயர்த்திவிட்டு என்னைக் கீழே கூப்பிட்டாள். டயர்ச் சில்லைத் தாங்கும் இரும்பில் ஸ்குரூட்ரைவரை வைத்து அழுத்தினாள். தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கற்றில் இறங்குவதுபோல் இறங்கியது. பனி உருக வீதியில் கொட்டும் உப்பில் இந்த மொடல் இப்படித்தான் உக்கும் என்றாள். பழைய வெல்டிங் தழும்புகளையும் காட்டினாள்.

ஜூலியஸுக்குப் போன் அடித்தேன். ஒவ்வொரு வருடமும் எனக்குத் தெரியாமல் கறல் பிடித்து உக்கிய இரும்பை வெட்டி, புதுத் தகடு ஒட்டிவிட்டுத்தான் சோதித்தானாம்.

"ஏன்ராப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"அந்தக் காரைப் பற்றிக் கதைக்கேக்க உங்கட முகத்தில ஒரு சந்தோசம் அண்ணை. கெடுக்க மனம் வரேல்லை."

அவனை ஏசியிருக்கலாம். ஆனால் பிரதீபாவின் காரை எந்த ஜூலியஸும் ஒட்டவில்லை என்பதுதான் நெஞ்சில் அடித்தது. அப்போதும் வேறு ஏதாவது காரணம் சொல்லி அவளைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். வெட்கம் கெட்ட மனிதன்.

பிரதீபாவுக்குப் போன் அடித்தேன். காரின் ஸ்பீக்கரில் எடுத்தாள். 401 இல் மக்கோவன் வீதியைத் தாண்டிவிட்டாளாம்.

"கென்னடி வீதியில இறங்கு. மெதுவா வலப்பக்கம் வா, சடாரெண்டு பிரேக் அடிக்காதை."

"ஏன் அத்தான்?"

"காரின்ர அடி உக்கியிருக்கும். நான் சொன்னதெல்லாம் பிழை, பிள்ளை."

இண்டிகேற்றர் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஸ்டெபனியும் நானும் போய்ச் சேர்ந்தபோது கென்னடி வீதியில் ஒரு கடைவாசலில், வேலை உடுப்போடு பிரதீபா காருக்குப் பக்கத்தில் நின்றாள். ஸ்டெபனி டோர்ச்சோடு குனிந்து பார்த்துவிட்டு, இதை இனி ஓடவேண்டாம், இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்றாள்.

பிரதீபா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேலையிடத்தில மூண்டு பேர் உதே மொடல் வாங்கினவை. நான் சொல்லித்தான்."

"நான் சொன்னதெண்டு சொன்னனியோ?"

"இல்லை. நானே தேடிப் பாத்துக் கண்டுபிடிச்சதெண்டு சொன்னனான்."

அவளுடைய விரல் ஒரு பெயருக்கு மேல் அப்படியே நின்றது.

"போன் அடி," என்றேன். "நான் பக்கத்தில நிக்கிறன்."